டேப்லட்டில் வீடியோ பார்க்கச் செயலி தேர்ந்தெடுக்கும் முறை

நமது கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று அநேக வீடுகளில் டேப்லட் ஒன்று இருக்கிறது. 2020ஆம் வருஷம் மார்ச் மாதம் 18ந் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு அமலுக்கு வந்து, பள்ளிக்கூடங்கள் அடைக்கப்பட்டிருந்த காலத்தில், பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டு வாங்கப்பட்டவை அவற்றுள் பல. பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பியபின் அவை வீட்டுப் பெரியோர்களின் கைக்கு வந்து சேர்ந்தன. அவர்கள் அவற்றில் முதலாவதாகப் பார்க்க விரும்புவது வீடியோக்களே. அவற்றிலும் விசேஷமாக, தங்கள் வீட்டுக் கல்யாணம், ஊர்ப் பயணம், மறைந்துபோன பெரியவர்களின் பேச்சு முதலிய பழைய பதிவுகளே.

நாம் கிள்ளானில் கடை நடத்துகிறோம். ஒரு காலத்தில் கேசட்டும், பின்னர் வி.சி.டி.யும் விற்ற அதே மேசையின்மேல் இன்று கைப்பேசி உறைகளும் சார்ஜ் கம்பிகளும் விற்கிறோம். அம்மேசைக்கு முன்னே வந்து நின்று, “வீடியோ பார்க்க எந்தச் செயலி நல்லது?” என்று கேளாதவர் குறைவு. இதற்கு ஒரே சொல்லில் விடை பகர்வது முறையாகாது. பாத்திரக் கடையில் போய், “எந்தப் பாத்திரம் நல்லது?” என்று கேட்டால், “என்ன சமைக்கப் போகிறீர்கள்?” என்றுதானே கடைக்காரர் திருப்பிக் கேட்பார்? அதுபோலவே இங்கும் முதலில் பார்க்கவேண்டியது நம்மிடமுள்ள சரக்கு, பிறகே செயலி.

இதை அறியாமையினால் இருவகை நஷ்டங்கள் நேரிடுகின்றன. ஒன்று, செயலியின் குறையைப் பதிவின் குறையென்று எண்ணி, திரும்பக் கிடைக்காத நல்ல பதிவுகளை அழித்துவிடுவது. மற்றொன்று, கண்ட இடத்திலிருந்து கண்ட செயலியை ஏற்றி, பாங்கியிலுள்ள பணத்தைப் பறிகொடுப்பது. இவ்விரண்டையும் தவிர்க்கும் வழியைச் சொல்லுவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

தொடங்குமுன் ஒரு விளக்கம். யூடியூப், நெட்பிளிக்ஸ் போன்றவை தாமே படங்களைக் கொண்டுவந்து தரும் செயலிகள். நாம் இங்கு பேசுவது அவற்றைப் பற்றியன்று. நம் கைவசம் கோப்பாக உள்ள வீடியோவை ஓட்டிக் காட்டும் செயலியைப் பற்றியே பேசுகிறோம். அது வெறும் பாத்திரம். அதில் இடும் பொருள் நம்முடையது.

1. டின்னும் சரக்கும்

வீடியோக் கோப்பு என்பது மூடிய டின் போன்றது. டின்னின்மேல் ஒரு பெயர் ஒட்டியிருக்கும்: எம்.பி.4, ஏ.வி.ஐ., எம்.கே.வி. என்பன அப்பெயர்கள். உள்ளே மூன்று சரக்குகள் இருக்கலாம்: படம் ஒன்று, ஓசை ஒன்று, சில கோப்புகளில் வசன எழுத்து ஒன்று. படமும் ஓசையும் அப்படியே வைக்கப்பட்டால் இடம் கொள்ளாது. ஆகவே அவற்றை ஒரு கணக்கின்படி சுருக்கி அடைக்கிறார்கள். சுருக்குவதற்கும் விரிப்பதற்கும் உரிய அக்கணக்குக்குக் கோடெக் என்று பெயர். அடைத்தவர் எந்தக் கணக்கில் சுருக்கினாரோ, அந்தக் கணக்கு ஓட்டும் செயலிக்கும் தெரிந்திருக்கவேண்டும். தெரியாவிட்டால் டின் திறக்காது. அல்லது திறந்தும் பாதிச் சரக்கே வெளிவரும்.

இதிலிருந்து விளங்குவது யாதெனில், டின்மேலுள்ள பெயர் ஒன்றாயிருப்பதால் உள்ளிருப்பதும் ஒன்றேயென்று நம்பக்கூடாது. எம்.பி.4 என்ற பெயருடைய இரண்டு கோப்புகளில் ஒன்று ஓடும், மற்றொன்று ஓடாது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. உள்ளேயிருக்கும் கோடெக் வேறு.

2. நம் வீடுகளிலுள்ள சரக்கு வகைகள்

வி.சி.டி. என்னும் தட்டுக்கு 1993ஆம் வருஷத்தில் விதிமுறை வகுக்கப்பட்டது. அதிலுள்ள படம் எம்பெக் 1 என்னும் கணக்கில் சுருக்கப்பட்டது. மலேசியாவில் வழங்கிய பால் முறையில் அதன் அளவு அகலத்தில் 352 புள்ளி, உயரத்தில் 288 புள்ளி. ஒரு தட்டில் ஏறத்தாழ 74 நிமிஷமே கொள்ளும். தமிழ்ப் படங்கள் இரண்டு அல்லது மூன்று தட்டுகளாக வந்ததன் காரணம் இதுவே. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வி.சி.டி. வாங்கிய அன்பர்கள் இதனை நன்கறிவர். கல்யாணப் பதிவுகளும் அந்நாளில் இவ்வகைத் தட்டுகளில் ஏற்றப்பட்டன. தட்டைக் கணினியிலிட்டுப் பார்த்தால் ‘எம்பெக் ஏ.வி.’ என்ற உறைக்குள் டி.ஏ.டி. என்று முடியும் கோப்பு ஒன்று இருக்கும். படம் அதற்குள்தான் இருக்கிறது.

அதற்குப் பின் வந்த டி.வி.டி.யில் கோப்புகள் வி.ஓ.பி. என்று முடியும், படம் எம்பெக் 2, ஓசை பெரும்பாலும் டோல்பி நிறுவனத்தின் ஏ.சி.3. பழைய நோக்கியா முதலிய கைப்பேசிகளில் எடுத்தவை 3.ஜி.பி. என்று முடியும். பிறகு பரவலாக வந்தது எச்.264 என்னும் கணக்கு. இது 2003ஆம் வருஷத்தியது. இன்றைய டேப்லட்கள் யாவும் இதனைச் சிரமமின்றி ஓட்டும். 2013ஆம் வருஷத்தில் எச்.265 வந்தது. 2017ஆம் வருஷத்திலிருந்து புதிய ஐபோன்கள் இந்த முறையிலேயே பதிவு செய்து வருகின்றன. பேரன் ஐபோனில் எடுத்தனுப்பும் வீடியோ பாட்டனாரின் பழைய டேப்லட்டில் ஓடாமல் நிற்பதற்கு இது ஒரு முக்கிய காரணம். பேரனிடம் சொல்லி, அவருடைய போனின் கேமரா அமைப்பில் பதிவு வடிவத்தைப் பழைய கருவிகளுக்கும் பொருந்தும் வகைக்கு மாற்றச் செய்தால், இனி எடுக்கும் வீடியோக்களில் இத்தொல்லை இராது.

டேப்லட்டோடு கூடவே வரும் செயலி, சமீப காலத்துச் சரக்குகளுக்கு மாத்திரம் பழக்கப்பட்டது. டி.ஏ.டி., வி.ஓ.பி. போன்றவற்றைப் பெரும்பாலும் அது தொடுவதேயில்லை. ஆகவேதான் தனியாக ஒரு செயலி வேண்டியிருக்கிறது.

3. வாய் அசைகிறது, ஓசை வரவில்லை

கிள்ளானைச் சேர்ந்த ஒரு மாமி ஒருநாள் டேப்லட்டை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். மூத்த மகளின் கல்யாண டி.வி.டி.யை மருமகன் கணினி வழியாக அதில் ஏற்றிக் கொடுத்திருக்கிறார். “பிள்ளைங்க அத்தா பேசுறாங்க தம்பி. வாய் அசையுது, சத்தம்தான் வரலை. தட்டு பழசாகிக் கெட்டுப்போச்சு, அழிச்சிடலாம்னு பையன் சொல்றான்” என்றார். அவருடைய வீட்டுக்காரர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன.

அக்கோப்பில் கெட்டது எதுவுமில்லை. படம் ஒரு கணக்கிலும் ஓசை ஏ.சி.3 என்னும் மற்றொரு கணக்கிலும் இருந்தன. டேப்லட்டிலிருந்த செயலிக்கு முன்னது தெரியும், பின்னது தெரியாது. வேறு செயலி ஒன்றை ஏற்றியதும் அந்தப் பெரியவரின் குரல் தெளிவாகக் கேட்டது. அழித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

இது அபூர்வமான சம்பவமன்று. ஏ.சி.3, டி.டி.எஸ். போன்ற ஓசை முறைகள் சில நிறுவனங்களின் உரிமைப் பொருளாக வளர்ந்தவை. அவற்றைப் பயன்படுத்த லைசென்ஸ் தேவைப்பட்ட காரணத்தால் சில செயலிகள் அவற்றைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மிகவும் பெயர்பெற்ற எம்.எக்ஸ். பிளேயர் என்ற செயலியும் லைசென்ஸ் பிரச்சினையால் இவ்வகை ஓசைகளை ஒரு காலத்தில் நீக்கிவிட்டது. வேண்டுவோர் தனியே ஒரு கோடெக்கைத் தேடிச் சேர்க்கவேண்டியதாயிற்று. ஆகையால் படம் வந்து ஓசை வராவிட்டால், கோப்பு கெட்டது என்று தீர்ப்புச் சொல்லுமுன் செயலியை மாற்றிப் பார்க்கவேண்டும். இதனை வீட்டிலுள்ள எல்லாரும் மனத்தில் இருத்திக்கொள்வது நலம்.

4. சூடும் பாட்டரியும்

சுருக்கிய படத்தை விரிக்கும் வேலையை டேப்லட் இரண்டு விதமாகச் செய்யலாம். அதன் சில்லுக்குள்ளே இவ்வேலைக்கென்றே அமைந்த பகுதி ஒன்றுண்டு. அது நெல்லை ஆலையில் கொடுத்து அரைப்பது போன்றது: வேலை சீக்கிரம் முடியும், பாட்டரியும் குறைவாகவே செலவாகும். ஆனால் ஆலைக்குப் பழக்கமான நெல்லை மாத்திரமே அது அரைக்கும். மற்றொரு விதம், செயலியே பொதுச் சில்லைக் கொண்டு கணக்குப் போட்டு விரிப்பது. இது உரலில் கையால் குத்துவது போன்றது. எந்த நெல்லையும் குத்தலாம். ஆனால் டேப்லட் சூடேறும், பாட்டரி சீக்கிரம் இறங்கும்.

நல்ல செயலி இவ்விரண்டையும் அறிந்து, முடிந்தபோது முதல் வழியையும் முடியாதபோது இரண்டாவது வழியையும் தானே கைக்கொள்ளும். வேண்டுமானால் நாமும் மாற்றிக்கொள்ள இடங்கொடுக்கும். படம் பச்சை நிறமாகத் தோன்றினாலும், துண்டு துண்டாகச் சிதறினாலும், செயலியின் அமைப்புப் பகுதிக்குச் சென்று வன்பொருள் உதவியை நிறுத்தி ஒருமுறை ஓட்டிப் பார்க்கவேண்டும். பெரும்பாலும் சரியாகிவிடும்.

இதில் ஓர் எல்லையும் உண்டு. நாலாயிரம் புள்ளி அகலத்தில் எச்.265 முறையில் எடுத்த வீடியோவை, மலிவான பழைய டேப்லட்டில் சீராக ஓட்ட எந்தச் செயலியாலும் இயலாது. அப்போது செயலி மேல் செயலியாக ஏற்றிப் பயனில்லை. கணினியில் வைத்து அளவைக் குறைத்து, எச்.264 முறைக்கு மாற்றிக்கொள்வதே வழி. மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடக்கூடாது.

வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ மங்கலாகத் தெரிவதற்கும் செயலி பொறுப்பன்று. அனுப்பும்போதே வாட்ஸ்அப் அதனைச் சுருக்கிவிடுகிறது. அனுப்புகிறவர் அதனை ஆவணம் என்ற பிரிவின் வழியாக அனுப்பினால் மூலப் பதிவு குறையாமல் வந்து சேரும்.

5. தமிழ் எழுத்து ஒழுங்காக வருகிறதா?

படத்தின் அடியில் வரும் வசன எழுத்தைத் தமிழில் படிக்க விரும்புவோர் இதனையும் சோதித்தறிய வேண்டும். இரண்டு கோளாறுகள் உண்டு.

முதலாவது, எழுத்து உடைந்து வருவது. ‘கொ’ என்பதில் கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் பின்னும் வரவேண்டும். எழுத்தை ஒழுங்காகக் கோக்கத் தெரியாத செயலியில் கொம்பு பின்னுக்குப் போய்விடும். அல்லது தனியே ஒரு புள்ளி வட்டத்தோடு நிற்கும். இதற்குச் செயலியை மாற்றுவதே பரிகாரம்.

இரண்டாவது, தமிழே வராமல் பொருளற்ற ரோமன் எழுத்துக்களாக வருவது. இதற்குச் செயலியைக் குறை கூறலாகாது. கணினித் தமிழின் ஆரம்ப காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு குறிமுறையைக் கைக்கொண்டது. நம் மலேசியாவிலேயே முத்து நெடுமாறன் அவர்கள் 1985ஆம் வருஷத்தில் முரசு என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். இன்று முரசு அஞ்சல் என்று வழங்குவது அதுவே. 1991ஆம் வருஷத்தில் வெளியான யூனிகோட் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆயினும் அது ஜனங்களின் கைக்கு வந்து நிலைபெறப் பல வருஷங்கள் பிடித்தன. இடைப்பட்ட காலத்தில் பழைய முறையில் எழுதப்பட்ட வசனக் கோப்பு இன்றைய செயலிக்குப் புரியாது. அதனைக் கணினியில் யூனிகோட்டுக்கு மாற்றி, யூ.டி.எப்.8 என்ற வகையில் சேமித்துவிட்டால் எழுத்து தெளிவாக வரும்.

6. செயலியை நடத்துகிறவர் யார்?

கடைக்காரனுக்கு இது இயல்பாகத் தோன்றும் கேள்வி. இலவசமாக ஒரு பொருள் கொடுக்கப்படுகிறதென்றால், அதற்கான செலவை யார் ஏற்கிறார் என்று பார்க்கவேண்டும்.

வி.எல்.சி. என்னும் செயலி 1996ஆம் வருஷத்தில் பாரிஸிலுள்ள எக்கோல் சான்ட்ரால் என்ற பொறியியல் கல்லூரி மாணவர்களின் முயற்சியாகத் தொடங்கிற்று. 2001ஆம் வருஷத்தில் அதன் மூல நிரல் யாவருக்கும் பொதுவாக விடப்பட்டது. இன்று வீடியோலேன் என்னும் லாப நோக்கமற்ற அமைப்பு அதனைப் பராமரிக்கிறது. நன்கொடையும் தொண்டர்களின் உழைப்புமே அதன் ஆதாரம், விளம்பரம் கிடையாது. விளம்பரத்துக்கு இடங்கொடுத்தால் கோடிக்கணக்கான யூரோ கிடைத்திருக்கும் என்றும், தாம் அதனை மறுத்துவிட்டதாகவும் அதன் தலைவர் ழான் பத்தீஸ்த் கெம்ப் சொல்லியிருக்கிறார். 2025ஆம் வருஷ ஆரம்பத்தில் அது 600 கோடி முறை இறக்கப்பட்டதென்று அறிவிக்கப்பட்டது. மேலே சொன்ன டி.ஏ.டி., வி.ஓ.பி., ஏ.சி.3 யாவற்றையும் அது தனியே எதுவும் சேர்க்காமலே ஓட்டும்.

எம்.எக்ஸ். பிளேயர் கொரியாவில் தோன்றியது. விரலால் தடவி ஒலியையும் ஒளியையும் கூட்டிக் குறைக்கும் வசதியால் ஜனங்களிடையே பெயர் பெற்றது. 2018ஆம் வருஷத்தில் இந்தியாவின் டைம்ஸ் இன்டர்நெட் அதன் பெரும்பங்கை வாங்கிற்று. மறுவருஷம் அது படங்களும் தொடர்களும் தரும் சேவையாகவும் விரிந்தது. 2024ஆம் வருஷத்தில் அச்சேவை அமேசான் கைக்குப் போயிற்று. செயலி நல்லதா கெட்டதா என்பதன்று இங்கு விஷயம். முதலாளி மாறினால் கடையின் போக்கும் மாறும். நேற்று அமைதியாயிருந்த செயலியில் இன்று விளம்பரம் வரலாம். வருஷத்துக்கு ஒருமுறையாவது நம்முடைய செயலி இப்போது யாரிடம் இருக்கிறது, என்ன கேட்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஐபேட் வைத்திருப்போரும் வி.எல்.சி.யை உபயோகிக்கலாம். உரிமப் பத்திரத்தைப் பற்றிய தகராறினால் 2011ஆம் வருஷம் ஜனவரியில் அது ஆப்பிள் கடையிலிருந்து நீக்கப்பட்டது. உரிமத்தை மாற்றி 2013ஆம் வருஷம் ஜூலையில் திரும்ப வந்தது.

நிற்க. தமிழ்நாட்டிலுள்ள நம் உறவினர்கள் சிலர், “வி.எல்.சி. இந்தியாவில் தடை செய்யப்பட்டதாயிற்றே, அது ஆபத்தானதா?” என்று கேட்கிறார்கள். 2022ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் முதல் வீடியோலேன் இணையதளம் இந்தியாவில் திறக்கவொட்டாமல் அடைக்கப்பட்டது உண்மை. தங்களுக்கு முன்னறிவிப்பு எதுவும் தரப்படவில்லையென்று அவ்வமைப்பு ஆட்சேபித்து, வக்கீல் நோட்டீஸும் அனுப்பிற்று. அதே வருஷம் நவம்பரில் தடை நீக்கப்பட்டது. இதில் நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. மூலக்கடையின் கதவு அடைபட்டால் ஜனங்கள் சந்துக் கடைகளைத் தேடுவார்கள். அங்கே அதே பெயரில் கலப்படச் சரக்கு கிடைக்கும். பெயர் நல்லதாயிருந்தால் போதாது, வாங்கும் இடமும் நல்லதாயிருக்கவேண்டும்.

7. வாங்குமிடமும் அனுமதியும்

ஆண்ட்ராய்டு டேப்லட்டுக்குக் கூகிள் பிளே கடையும், ஐபேடுக்கு ஆப்பிள் கடையுமே வாங்குமிடம். பெயரைத் தேடும்போது ஒத்த பெயர்கள் பல வரும். செயலியின் பெயருக்கடியில் வெளியிடுவோரின் பெயர் இருக்கும், அதனைப் பார்க்கவேண்டும். வி.எல்.சி.க்குப் பிளே கடையில் வீடியோலேப்ஸ் என்றும், ஆப்பிள் கடையில் வீடியோலேன் என்றும் இருக்கும். சாலையில் வைக்கும் ஆரஞ்சு வெள்ளைக் கூம்பே அதன் சின்னம்.

வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பைத் தொடவே கூடாது. கல்யாண அழைப்பிதழ் என்றும், வீடு துப்புரவு செய்யும் சேவை என்றும் வேஷமிட்டு வந்த ஏ.பி.கே. கோப்புகளால் நம் நாட்டில் பலர் பாங்கிப் பணத்தை இழந்திருக்கிறார்கள். அது நடக்கும் விதம் இதுதான்: ஏற்றப்பட்ட செயலி குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும், நாம் அறியாமல் கொடுத்துவிடுவோம், பாங்கி அனுப்பும் ஒருமுறை எண் நமக்குத் தெரியுமுன் திருடனுக்குத் தெரிந்துவிடும். இந்தக் காரணத்தினாலேயே 2022ஆம் வருஷம் செப்டம்பரில், குறுஞ்செய்தி எண்ணை விட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாறவேண்டுமென்று பேங்க் நெகாரா பாங்கிகளுக்கு அறிவித்தது. அடுத்த மாதம் தேசிய மோசடி எதிர்ப்பு மையமும் ஆரம்பிக்கப்பட்டது. பணம் போனதாகச் சந்தேகம் தோன்றினால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 997 என்ற எண்ணுக்கும் நம் பாங்கிக்கும் தெரிவிக்கவேண்டும்.

வீடியோ ஓட்டும் செயலிக்கு வேண்டிய அனுமதி எது? வீடியோக்களையும் இசைக் கோப்புகளையும் பார்க்கும் அனுமதி ஒன்றே. வசனக் கோப்புகளையும் வேறு உறைகளையும் தேடுவதற்காக எல்லாக் கோப்புகளையும் பார்க்கும் அனுமதியைச் சில நல்ல செயலிகளும் கேட்பதுண்டு. அது அவசியமானால் கொடுக்கலாம். ஆனால் குறுஞ்செய்தி, தொலைபேசி எண் புத்தகம், அணுகல் வசதி ஆகியவற்றைக் கேட்கும் வீடியோச் செயலிக்கு அவற்றால் ஒரு வேலையுமில்லை. கேட்டமாத்திரத்தில் அதனை நீக்கிவிடவேண்டும்.

கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாச் சேனலும் இலவசம் என்று சொல்லித் திருட்டு ஒளிபரப்புச் செயலிகளை ஏற்றி டேப்லட்டும் பெட்டியும் விற்பது, 2022ஆம் வருஷம் மார்ச் 18 முதல் அமலுக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தின்படி குற்றம். அபராதம் 10,000 வெள்ளிக்குக் குறையாமல் 200,000 வெள்ளி வரை, அல்லது இருபது வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். வாடிக்கையாளர் வற்புறுத்தினாலும் மறுத்துவிடுவதே அழகு.

8. அரைமணி நேரச் சோதனை

செயலியைத் தேர்ந்தெடுக்கப் பிறர் கொடுத்த நட்சத்திரங்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நம் வீட்டுச் சரக்கிலிருந்தே ஐந்து கோப்புகளை எடுத்துக்கொள்ளலாம்: வி.சி.டி.யிலிருந்து ஒன்று, டி.வி.டி.யிலிருந்து ஒன்று, பழைய கைப்பேசியில் எடுத்தது ஒன்று, புதிய ஐபோனில் எடுத்தது ஒன்று, தமிழ் வசன எழுத்தோடு கூடியது ஒன்று. இவற்றை ஒவ்வொன்றாக ஓட்டிக் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கவேண்டும்.

அ) ஐந்தும் திறக்கின்றனவா? படம், ஓசை இரண்டும் வருகின்றனவா?

ஆ) நடுவில் ஓரிடத்துக்குத் தாவினால் உடனே அங்கிருந்து ஓடுகிறதா? நிறுத்திவிட்டு மறுநாள் திறந்தால் விட்ட இடத்தை நினைவில் வைத்திருக்கிறதா?

இ) உதட்டசைவும் ஓசையும் முன்பின்னாக இருந்தால், அதனைச் சரிசெய்ய வழியிருக்கிறதா?

ஈ) பழைய பதிவில் பேச்சு மெதுவாகக் கேட்டால் ஒலியைக் கூட்டிக்கொள்ள இயலுமா? வேகத்தைக் குறைத்துக் கேட்க இயலுமா?

உ) திரையை அணைத்துவிட்டு ஓசையை மாத்திரம் கேட்க இயலுமா? கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்குக் கொம்யூட்டர் ரயிலில் போய்வரும் அன்பர்களுக்கு இது மிகவும் உபயோகம். கண்ணுக்கு ஓய்வு, பாட்டரியும் மிச்சம்.

ஊ) அரைமணி நேரம் ஓடியபின் டேப்லட்டைத் தொட்டுப் பார்த்தால் அதிகச் சூடாயிருக்கிறதா? பாட்டரி எவ்வளவு இறங்கியிருக்கிறது?

நம் கடை மேசையில் பலமுறை சோதித்த வகையில், பழைய பதிவுகள் அதிகமுள்ள வீட்டுக்கு வி.எல்.சி.யையே சிபாரிசு செய்கிறோம். புதிய எம்.பி.4 கோப்புகளை மாத்திரம் பார்ப்பவருக்கு டேப்லட்டோடு வந்த செயலியே போதும். அவர் வேறொன்றைத் தேடவேண்டியதில்லை. அமைப்புகளை நுணுக்கமாக மாற்றிப் பார்க்கும் ஆர்வமுள்ள இளைஞர்களுக்கு எம்.பி.வி. என்றொரு இலவசச் செயலியும் உண்டு. ஒருவருக்குப் பொருந்துவது மற்றவருக்குப் பொருந்தவேண்டுமென்ற கட்டாயமில்லை.

9. கெட்டது கோப்பா, செயலியா?

இதுவே இப்பாடத்தின் முக்கிய பகுதி. ஒரு கோப்பு ஓடாவிட்டால் பின்வரும் வரிசைப்படி செய்யவேண்டும்.

முதலில் கோப்பின் அளவைப் பார்க்கவேண்டும். அளவு பூஜ்யம் என்றிருந்தால், நகல் எடுக்கும்போது தவறியிருக்கிறது. மூலத்திலிருந்து மறுபடி எடுக்கவேண்டும். அளவு ஒழுங்காயிருந்தால் வேறொரு செயலியில் ஓட்டவேண்டும். அதிலும் ஓடாவிட்டால் கணினியில் ஓட்டிப் பார்க்கவேண்டும். அதிலும் தோற்றால், பதிவு செய்யும்போதே போன் அணைந்துபோயிற்றா என்று விசாரிக்கவேண்டும். எம்.பி.4 கோப்பில், எந்தக் காட்சி எங்கேயிருக்கிறது என்னும் பொருளடக்கம் பதிவின் முடிவில்தான் எழுதப்படுவது வழக்கம். பாட்டரி தீர்ந்து போன் பாதியில் அணைந்தால் பொருளடக்கம் எழுதப்படாமல் நின்றுவிடும். படம் முழுவதும் உள்ளே இருந்தும் எந்தச் செயலியும் திறக்காது. அதே போனில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாக வைத்து, இழந்த பொருளடக்கத்தைத் திரும்ப அமைக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. எப்போதும் கைகூடும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அழித்துவிட்ட கோப்புக்கு எந்த வைத்தியமும் கிடையாது.

தட்டுகளின் விஷயம் இன்னும் அவசரமானது. கல்யாண வீடியோக்காரர்கள் வீட்டுக்கு வீடு பதிந்து கொடுத்த தட்டுகளில் சாயம் ஒன்றின்மேல்தான் பதிவு இருக்கிறது. நம் நாட்டின் வெப்பத்திலும் ஈரத்திலும் அச்சாயம் வருஷாவருஷம் மங்கிக்கொண்டே போகும். இன்று படிக்கக்கூடிய தட்டு சில வருஷம் கழித்துப் படிக்கமுடியாமற் போகலாம். தட்டு வாசிக்கும் கருவியும் புதிய கணினிகளில் வருவதில்லை. ஆகவே இப்பொழுதே தட்டுகளை எடுத்து, மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்து, கணினி வழியாக நகல் எடுத்துக்கொள்ளவேண்டும். நகல் ஒன்று போதாது. ஒன்று டேப்லட்டில், ஒன்று தனியான ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வேறு வீட்டிலுள்ள பிள்ளையிடம் என்று மூன்று இருப்பது பத்திரம். கோப்பின் பெயரில் யாருடைய கல்யாணம், எந்த வருஷம், எந்த ஊர் என்பதை எழுதிவைத்தால் பின்னால் வருவோருக்கு உதவும்.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரியோர் டேப்லட்டைக் கொண்டுவந்து, ஓடவில்லை என்று சொன்னால், “கெட்டுப்போச்சு” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். மேலே சொன்ன வரிசைப்படி சோதித்துப் பாருங்கள். பெரியோர்களும், பிள்ளைகள் அவசரப்பட்டு அழிக்கச் சொன்னால் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள்.

இதுகாறும் கூறியவற்றின் சாரம் இதுவே: முதலில் நம்மிடமுள்ள சரக்கை அறியவேண்டும். அதற்கேற்ற செயலியை முறையான கடையிலிருந்து எடுக்கவேண்டும். தேவைக்கு மேல் அனுமதி கேட்டால் கொடுக்கக்கூடாது. மற்றொரு செயலியில் ஓட்டிப் பாராமல் எந்தப் பதிவையும் அழிக்கக்கூடாது. இதற்கெல்லாம் ஒரு வெள்ளியும் செலவில்லை; ஓர் அரைமணி நேரமும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.